வலைப்பின்னல் சோதனையில் தாமதத்தின் பங்கு

2005ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், அந்நாளைய குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் திருவனந்தபுரத்தில் ‘விக்டர்ஸ்’ கல்வி ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தார். 2004 செப்டம்பர் 20இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘எடுசாட்’ செயற்கைக் கோள் அதற்குத் துணை நின்றது. தொலைவிலுள்ள வகுப்பறையினின்று வினா எழுப்பி விடை பெறும் இருவழித் தொடர்புக்கும் அக்கோள் ஏற்றதாயிருந்தது. 2010இல் அதன் பணி முடிவுற்றது; எனினும், அது உணர்த்தும் கணக்கு அவ்வகைக் கோள்கள் அனைத்துக்கும் பொருந்தும்.

இக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பன. ரேடியோ அலை வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும். ஏறியிறங்கும் 72,000 கிலோமீட்டருக்கு 0.24 வினாடி ஆகும். செய்தி சென்று மறுமொழி திரும்ப 0.48 வினாடி, கருவிகள் கொள்ளும் நேரமும் சேர அரை வினாடி எனக் கொள்ளலாம். ஆய்வுக்கூடத்திலுள்ள குறுங்கம்பியிலோ இது வினாடியின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவு.

வாய்க்காலில் மதகு நீரை அளந்து விடுவதுபோல், தகவல் பொட்டலங்களைக் குறித்த வேகத்தில் விடும் அமைப்பே போக்குவரவுச் சீராக்கி. அதை 4 மெகாபிட் வேகத்துக்கு அமைத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் 4 மெகாபிட்டும் கிடைக்கும். அதே அமைப்பைக் கோள்வழித் தொடர்பில் வைத்தால் ஏறத்தாழ 1 மெகாபிட்டே கிடைக்கக் கூடும். பழுது சீராக்கியில் இல்லை. பழைய டி.சி.பி. நெறிமுறைப்படி, பெற்றதற்கு ஒப்புதல் வரும்வரை 65,535 பைட்டுகளுக்கு மேல் அனுப்பலாகாது. அரை வினாடிக்கு ஒருமுறை அவ்வளவே செல்லுமாயின், வினாடிக்கு 10,48,560 பிட்டுகளே செல்லும். 4 மெகாபிட்டை முழுதும் பயன்படுத்த 2,50,000 பைட்டுகள் வழியில் இருத்தல் வேண்டும். இவ்வரம்பை உயர்த்தும் முறை 1992இல் வகுக்கப்பட்டது. காரணம் அறியாத ஊழியர் 8 மெகாபிட்டுக்குக் கட்டணம் செலுத்தச் செய்தாலும், பள்ளிக்குப் பணம் விரயமாவதன்றிப் பயன் விளையாது.

ஆகவே சோதனையில் தாமதத்தைச் செயற்கையாக உண்டாக்குதல் இன்றியமையாதது. அனுப்பும் கணினிக்கும் பெறும் கணினிக்கும் இடையே சீராக்கியையும், அதனின்று வேறான தாமதக் கணினியையும் வைக்க வேண்டும். லினக்ஸிலுள்ள ‘நெட்எம்’ என்னும் பகுதி இத்தாமதத்தை உண்டாக்க வல்லது. ஒவ்வொரு திசைக்கும் 0.25 வினாடி அமைக்க. முதலில் தாமதத்தை மட்டும், அடுத்துச் சீராக்கியை மட்டும், இறுதியில் இரண்டையும் சேர்த்து அளக்க.

இங்கு இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, நெட்எம் இயல்பாக 1,000 பொட்டலங்களையே தேக்கி வைக்கும். 100 மெகாபிட் வேகத்தில், 1,500 பைட் பொட்டலங்கள் 0.25 வினாடியில் இரண்டாயிரத்துக்கு மேல் சேரும். மிகுந்தவை அங்கேயே இழக்கப்பட, பழி சீராக்கியின் மேல் விழும். எனவே தேக்க வரம்பை உயர்த்தி, இழப்பை ஒவ்வோரிடத்தும் தனித்தனியே எண்ணுதல் வேண்டும். இரண்டாவது, 4 மெகாபிட் வழியில் சீராக்கியின் வரிசை 2,50,000 பைட் நீளுமாயின், மேலும் அரை வினாடி கூடும். கோப்புகளின் பின்னே மாணவரின் குரல் காத்து நிற்கும். குரலுக்குத் தனி வரிசையும் முன்னுரிமையும் அளித்து மீண்டும் அளத்தல் நன்று.

வேகத்தை மட்டும் குறிக்கும் சோதனைக் குறிப்பு நிறைவுடையதன்று. வேகம், தாமதம், இழப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே குறிக்கப்பட்டாலன்றிக் குறை எங்குள்ளது என்று துணிய இயலாது.