வாய்ப்புண்ணோடு இருப்பவருக்கு என்ன கொடுப்பது?

வெற்றிலை புகையிலையால் வாயில் புற்றுநோய் வந்து, மகரகமையில் கரண்ட் பிடிப்பவர்களை நம் லயங்களிலும் பார்க்கிறோம். சில வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, எச்சிலும் வற்றிவிடும். அப்போது ரொட்டியும் சம்பலும் தொண்டையில் இறங்குமா?

பத்தியம் என்று முட்டை, மீனை நிறுத்துவதுதான் பெரிய பிழை. புண் ஆற அந்தச் சத்துத்தான் வேண்டும். ஆள் மெலிந்துவிட்டால் சிகிச்சையையே இடையில் நிறுத்த நேரிடலாம். குழைந்த சோற்றில் பருப்பும் தேங்காய்ப்பாலும் விட்டு மசித்து, உறைப்பு புளி இல்லாமல், ஆறவைத்துக் கொடுங்கள். அவித்த முட்டையையும் அதில் பிசையலாம். இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போதும். சாப்பாட்டுக்கு முன் பிளேன்டி வேண்டாம், வயிறு நிறைந்துவிடும்.

கொழுந்தை நாள்தோறும் நிறுக்கிறோம், நோயாளியை நிறுப்பதில்லை! வாரம் ஒருமுறை தோட்ட மருந்தகத்தில் நிறுத்துப் பாருங்கள். குறைந்தால் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். மூக்கு வழியே குழாய் வைத்து உணவு கொடுக்கலாம் என்றால் பயந்து மறுக்காதீர்கள். வாய் ஆறியதும் கழற்றிவிடுவார்கள்.