தோற்ற ஆட்டத்தில்தான் நன்றாக ஆடினான்

கேள்வி: எங்கள் மகன் சிறுவர் ஐஸ் ஹாக்கி அணியில் கோல்கீப்பர். போன வாரம் 40 ஷாட்டுகள் வந்தன. 4 கோல் வாங்கினான், அணி தோற்றது. இந்த வாரம் 12 ஷாட்டுகளில் 2 கோல், அணி ஜெயித்தது. இந்த வாரம்தான் எல்லாரும் அவனைப் பாராட்டுகிறார்கள். கோல்கீப்பரின் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ

பதில்: பாராட்டு போன வாரமே கிடைத்திருக்க வேண்டும். 40-இல் 36-ஐத் தடுத்திருக்கிறான், வகுத்தால் .900. இந்த வாரம் 12-இல் 10, அதாவது .833. இதுதான் சேவ் பர்சன்டேஜ். நூறால் பெருக்காமல் மூன்று தசம இடங்களோடு எழுதுவது வழக்கம். கம்பத்தில் பட்டுத் திரும்பியதும், சக வீரர் மேல் பட்டு நின்றதும் ஷாட் கணக்கில் சேராது.

இன்னொன்று கோல் சராசரி. வாங்கிய கோல்களை 60-ஆல் பெருக்கி, களத்தில் நின்ற நிமிடங்களால் வகுப்பார்கள். ஆட்டநேரம் குறைவான சிறுவர் லீக்குகளில் 60-க்குப் பதில் அந்த நேரத்தை வைத்துக்கொள்ளலாம். கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே அழைத்துவிட்டு ஆடும்போது காலி வலையில் விழும் கோல் அவர் தலையில் ஏறாது. ஷூட்-அவுட் கோல்களும் இரண்டு கணக்கிலுமே வராது.

சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். என்.எச்.எல்.லில் 1996-97 சீசனில் நியூ ஜெர்சியின் மார்ட்டின் புரோடரின் சராசரி 1.88. 1998-99-இல் பஃபலோவின் டொமினிக் ஹாஷெக்குக்கு 1.87. இருவரும் சமம் என்றுதான் தோன்றும். ஆனால் சேவ் பர்சன்டேஜ் புரோடருக்கு .927, ஹாஷெக்குக்கு .937. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 நிமிடத்துக்குப் புரோடர் எதிர்கொண்டது சுமார் 26 ஷாட்டுகள், ஹாஷெக் கிட்டத்தட்ட 30. நியூ ஜெர்சியின் தடுப்பாட்டம் அவ்வளவு இறுக்கம். புரோடர் மகத்தான கோல்கீப்பர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 1.88-இல் அணிக்கும் பங்கு உண்டு. சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பைகூட ஒரு காலத்தில் மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணியின் கோல்கீப்பருக்கே போனது. 1981-82 முதல் அணிகளின் பொது மேலாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்; பழைய அளவுகோல் ஜென்னிங்ஸ் கோப்பைக்குப் போய்விட்டது.

சேவ் பர்சன்டேஜுக்கும் ஒரு குறை உண்டு. நீலக்கோட்டிலிருந்து வரும் சாதாரண ஷாட்டும், வலைக்கு நேரெதிரே தனியாக நிற்பவர் அடிக்கும் ஷாட்டும் அதற்கு ஒன்றுதான். அதனால் இப்போது ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பை மதிப்பிட்டு, எதிர்பார்த்ததைவிட எத்தனை கோல் குறைவாக வாங்கினார் என்றும் பார்க்கிறார்கள்.

வீட்டில் கணக்கு வைப்பதானால் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஷாட், கோல் இரண்டையும் குறித்துவையுங்கள். ஆட்டவாரியான எண்களுக்குச் சராசரி எடுக்காதீர்கள்; .900-க்கும் .833-க்கும் நடுவில் .867 வரும், அது தவறு. மொத்தமாகக் கூட்டி வகுக்க வேண்டும்: 52-இல் 46, அதாவது .885.