இலைக்குள் ஒரு பசளைச்சாலை

பதுளை ஓயாவை அடுத்த வயல்களிலும் தோட்டத்து அடிவாரக் குட்டைகளிலும் மிதக்குஞ் செடிகளைக் காண்போர் அவற்றை வெறுங் களையென்றே ஒதுக்குவர். ஒதுக்குமுன், அச்செடியில் குடியிருப்பது யாதென ஆராய்தல் அறிவுடைமையாகும்.

சல்வீனியா, அசோலா என்னும் இரண்டும் நீரில் மிதக்கும் பன்னங்கள்; தம்முள் உறவுடையன. தென்னமெரிக்காவுக்குரிய சல்வீனியா, 1939ஆம் ஆண்டில் தாவரவியற் கல்வியின் பொருட்டுக் கொழும்புக்குக் கொணரப்பட்டது. பின்னர் வெளியே பரவி வயலையும் வாய்க்காலையும் மூடிற்று. அதன் போர்வை தடித்தவிடத்து ஒளி நீருட் புகாது, நீர்ப்பாசிகள் மடியும், ஒட்சிசன் குன்றி மீன்கள் நலியும். அதனைத் தின்னுஞ் சிறு வண்டினம் 1986ஆம் ஆண்டில் விடப்பட்ட பின்னரே அத்தொல்லை பலவிடங்களில் தணிந்தது.

அசோலாவின் இயல்போ வேறு. அதன் இலை ஒவ்வொன்றும் மேல், கீழ் என இரு மடல்களை உடையது. மேன்மடலில் ஒரு நுண்குழி உண்டு. அதனுள் அனபீனா என வழங்கும் நீலப்பச்சைப் பாசி, கோத்த மணிமாலைபோல் இழையிழையாக வாழ்கின்றது. இக்கால அறிஞர் இதனைப் பற்றீரியாக் குலத்திற் சேர்ப்பர். மாலையின் இடையிடையே தடித்த சுவருடைய கலங்கள் சில உள. வளியிலுள்ள நைதரசனைப் பற்றி அமோனியாவாக மாற்றுபவை அவையே. பன்னம் உறைவிடமும் உணவும் அளிக்க, பாசி நைதரசனை ஈகின்றது. பன்னம் வித்திகளால் இனம்பெருக்குங்காலும் பாசி உடன்செல்லும். ஆதலின் இந்நட்பு தலைமுறைதோறும் தொடர்கின்றது.

சீனத்திலும் வியட்நாமிலும் உழவர் பல நூற்றாண்டுகளாக இச்செடியை நெல்வயலில் வளர்த்து, சேற்றிற் புதைத்துப் பசளையாக்கி வந்தனர். 2021ஆம் ஆண்டில் நம் நாட்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, தேயிலையும் நெல்லும் ஒருங்கே வாடியதை ஊவா மக்கள் மறவார். அசோலா அக்குறை முழுவதையும் நீக்குமென்றல் மிகை. அது மலைச்சரிவில் வளராது. தேங்கிய நீரும் போதிய பொசுபரசும் வேண்டும். எனினும் பள்ளத்தாக்கு வயல்களுக்கு வேண்டிய நைதரசனில் ஒரு பகுதியைத் தரவல்லது. லயங்களில் மாடு வளர்ப்போர் சிறு தொட்டியில் இதனை வளர்த்துத் தீவனத்தோடு கலந்து கொடுத்தலுங் கூடும்.

மாணவர்காள்! அசோலா இலைகள் சிலவற்றை ஒரு துளி நீரில் நசுக்கி, நம் ஆய்கூடத்து நுணுக்குக்காட்டியில் நோக்குக, அம்மணிமாலை புலனாகும். நோக்கியபின் எஞ்சியதை ஓடையில் எறியற்க. கல்விக்கெனக் கொணர்ந்த செடியொன்று நாட்டுக்குத் துன்பமான வரலாறு நம் கண்முன் உளதன்றோ?