சின்ன வீட்டுக் கிறிஸ்துமஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். ஐந்து பேரும் ஹாலில்தான் படுக்கிறோம். பிள்ளைகள் ஐந்தடி கிறிஸ்துமஸ் மரம் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். எந்த மூலையில் வைக்கலாம், அக்கா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: எந்த மூலையிலும் வைக்காதீர்கள். ஐந்தடி பிளாஸ்டிக் மரம் அடிப்பக்கம் மூன்றடிக்கு விரிந்து நிற்கும். ஒரு பிள்ளை படுக்கும் இடம் அதற்கே போய்விடும். ராத்திரி பாய் விரிக்கும்போது மரத்தை நகர்த்துவீர்கள், காலையில் திரும்ப நகர்த்துவீர்கள், நாலாம் நாள் கிளை உடையும். சின்ன வீட்டில் தரை மனிதர்களுக்கு. அலங்காரம் எல்லாம் இடுப்புக்கு மேலேதான்.

மரம் வேண்டும் என்றால் நம் ஊர் வழக்கப்படி சவுக்குக் கிளை வாங்குங்கள். இரண்டடி போதும். காலி பெயிண்ட் டப்பாவில் ஈர மணல் நிரப்பிக் கிளையை ஊன்றி, பீரோவின் மேலேயோ தையல் மிஷின் மேலேயோ வையுங்கள். டிசம்பர் 22, 23-இல் வாங்கினால் போதும். முதல் வாரமே வாங்கி வைத்தால் பண்டிகைக்குள் காய்ந்து உதிர ஆரம்பித்துவிடும். கிளைமேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி செய்யாதீர்கள். காய்ந்த சவுக்கும் பஞ்சும் ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். பக்கத்தில் மெழுகுவர்த்தியும் கூடாது.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நட்சத்திரத்தை எங்கே தொங்கவிடுவது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஜன்னல் கம்பியில். மாடி வீடு என்றால் பால்கனி கிரில்லில் ஒரு மூங்கில் கழியை இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, வெளியே நீட்டித் தொங்கவிடுங்கள். ஒரே இடத்தில் கட்டினால் காற்றில் கழி சுற்றும். நம்முடைய டிசம்பர் மழைக்காலம் என்பதை மறந்துவிட்டுக் காகித நட்சத்திரத்தை வெளியே மாட்டுகிறவர்கள் வருடா வருடம் எனக்கு எழுதுகிறார்கள். காகிதம் ஜன்னலுக்கு உள்பக்கம், பிளாஸ்டிக் வெளியே. உள்ளே போடும் பல்பு எல்.இ.டி.யாக இருக்கட்டும். பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். 'ஜீரோ வாட்ஸ்' என்று விற்ற பழைய பல்புகூட உண்மையில் 15 வாட்ஸ் வரை இழுக்கும், சூடும் ஏறும்.

கேள்வி: சுவரில் தோரணத்தை செல்லோடேப்பால் ஒட்டினால் பெயிண்ட் உரியுமா?
- வாசகி, கோவை

பதில்: உரியும். இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்கு நூல் கட்டித் தொங்கவிடுங்கள்.

கேள்வி: மரம், குடில் இரண்டுக்கும் இடமில்லை. மரம்தான் பார்க்க அழகாக இருக்கிறது, குடிலை இந்த வருடம் விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன சொல்கிறீர்கள்?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: மரத்தை விடுங்கள், குடிலை வையுங்கள். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

1223-ஆம் வருடம் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் அசிசி நகர் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, அங்கே இருந்தது வைக்கோல் பரப்பிய ஒரு தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். சத்திரத்தில் இடமில்லாத ஏழைத் தம்பதியின் கதையைச் சொல்ல இடம் போதவில்லை என்று நாம் சொல்லலாமா, தங்கச்சி? ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழம் இருந்தால் குடில் வந்துவிடும். டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டு, புத்தக அலமாரியில் ஒரு தட்டு, கவிழ்த்துப் போட்ட பழ அட்டைப்பெட்டி, எதுவானாலும் சரி.

நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற தப்பு இடம் பற்றியது இல்லை, அளவு பற்றியது. ஒட்டகத்தைவிட ஆடு பெரிதாக நிற்கும். சூசையப்பர் நான்கு அங்குலம், இடையன் எட்டு அங்குலம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வாங்கினால் இப்படித்தான் ஆகும். சிறிய வீட்டுக்கு நான்கு அங்குல செட் போதும், ஆனால் எல்லாம் ஒரே செட்டாக இருக்க வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற அதே கைகள்தான் குடில் சுரூபங்களும் செய்கின்றன. மண் சுரூபத்தில் இருக்கிற முகம் பிளாஸ்டிக்கில் வராது. ஏற்கெனவே வேறு வேறு அளவில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பெரியதை முன்னால், சிறியதைப் பின்னால் மலைமேல் வையுங்கள். தூரத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும்.

மலைக்குக் கடைத் தாள் வேண்டாம். பழுப்புக் காகிதத்தை நன்றாகக் கசக்கி, மைதாப் பசை தடவி, காய்வதற்குள் வடிவம் கொடுங்கள். புல்லுக்குப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைவிடக் கோதுமை முளை ஆயிரம் மடங்கு மேல். ராத்திரி ஊறவைத்து, டிசம்பர் 15 வாக்கில் தயிர் டப்பா மூடியில் மண் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். முளை கண்டதும் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இருட்டிலேயே விட்டால் முளைப்பாரிபோல் மஞ்சளாக வளரும். 24-ஆம் தேதிக்குள் விரல் நீளத்துக்குப் புல் நிற்கும். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்லுக்கு நடுவில் மாதாவை வைக்கிற பிள்ளை மரம் கேட்டு அழாது, நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. மூன்று ராஜாக்களை முதல் நாளே குடிலுக்குள் நிறுத்தாதீர்கள். அவர்கள் தூர தேசத்திலிருந்து வருகிறவர்கள். முதலில் பிரிட்ஜ் மேல் வையுங்கள், பிறகு ஜன்னல் திண்டு, பிறகு அலமாரி, ஜனவரி 6-ஆம் தேதி குடில். வீடு எவ்வளவு சிறியதானாலும் அவர்கள் நடப்பதற்குப் பாதை இருக்கும்.

கேள்வி: போன வருட சீரியல் லைட் எரியவில்லை. எரியாத பல்புகளை வெட்டிவிட்டு ஒயரை முறுக்கி இணைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: கூடாது. பழைய சீரியல் செட்டில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இருக்கும். அதனால்தான் ஒன்று போனால் அந்த வரிசையே அணைந்துவிடுகிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அதை எல்லா பல்புகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. நீங்கள் ஐந்தை வெட்டினால் அந்த ஐந்தின் பங்கும் மீதிப் பல்புகள் தலையில் விழும். சூடேறி அவையும் போகும், சமயத்தில் ஒயரும் உருகும். பிளக் இல்லாத ஒயரின் நுனியை சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சியால் அடைக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், தம்பி, இன்றைக்கே விடுங்கள். வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கும். புது எல்.இ.டி. செட் ஒன்று வாங்குங்கள், பிளக் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாய்க்கு அடியில் ஒயரை ஓட்டாதீர்கள். படுக்கும்போது சுவிட்சை அணைத்து பிளக்கையும் கழற்றுங்கள்.

கேள்வி: எங்கள் மாமனார் இறந்து நான்கு மாதம் ஆகிறது. ஸ்டார் கட்டக் கூடாது என்கிறார் அத்தை. ஆறு வயது மகள் பக்கத்து வீட்டு ஸ்டாரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன செய்வது என்று தெரியவில்லை.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: அத்தையின் மனம் நோகும்படி எதுவும் செய்ய வேண்டாம், அம்மா. இந்த வருடம் ஸ்டார் இல்லாவிட்டால் பண்டிகை குறைந்துவிடாது. சீரியல் லைட்டும் தோரணமும் விடுங்கள். ஆனால் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளறையில் சிறியதாக ஒரு குடில் மட்டும் வைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். ஒரே ஒரு விளக்கு, மாமனார் படத்துக்கு முன்னால். குடில் வைக்கிற வேலையை உங்கள் மகளும் அத்தையும் சேர்ந்து செய்யட்டும். அவர் வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள், மகளைப் பக்கத்து வீட்டுக் குடிலுக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த வருடம் இருக்கிறது.

கேள்வி: அலங்காரத்தை எப்போது பிரிக்க வேண்டும்? ஜனவரி 1 முடிந்ததும் எடுத்துவிடலாமா?
- வாசகர், வேளாங்கண்ணி

பதில்: ராஜாக்கள் வந்து சேரட்டும், அதற்குப் பிறகு பிரியுங்கள். மண் சுரூபங்களை பாலித்தீனில் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்து வண்ணம் உரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். குழந்தை இயேசுவை மட்டும் தனி டப்பாவில் போட்டு மேலே பெயர் எழுதி வையுங்கள். 24-ஆம் தேதி ராத்திரி பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் எல்லா வீட்டிலும் காணாமல் போவது அந்தச் சுரூபம்தான்.