காரை ரிப்பேருக்கு விடறீங்களா? முதல்ல போனை எடுங்க!

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து சென்னை திரும்பும்போது பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டியிருக்கிறீர்களா? எங்கள் வீட்டு செடான் கார் அங்கேதான் சூடேறி நின்றது. அரிசி மூட்டை, பெட்டி படுக்கை எல்லாம் கொள்ளும் பெரிய டிக்கிக்காகவே அப்பா வாங்கிய வண்டி. வயது பத்து.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில், "வண்டி சூடாகுதுண்ணே, பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். ரேடியேட்டரை மாற்றினார்கள். இரண்டே வாரத்தில் மறுபடியும் சூடேறியது. போய்க் கேட்டால், "அது வேற சார், இது வேற" என்றார்கள். எங்கள் கையில் இருந்ததோ, மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. வேறொரு மெக்கானிக் பார்த்த பிறகுதான் ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் ஓடவில்லை என்று தெரிந்தது. அதற்குள் ஹெட் கேஸ்கெட்டும் போய்விட்டது. தங்கையின் செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்து வைத்த பணம் அதற்கே போனது.

அந்தச் செலவில் நாங்கள் கற்றது ஒன்றுதான்: ரிப்பேர் விஷயத்தில் நம் பக்கம் பேசுவது எழுத்தும் படமும். அதற்கு உங்கள் கையில் இருக்கும் போனே போதும்.

1. கோளாறை விவரமாகச் சொல்லுங்கள்

"சூடாகுது" என்றால் போதாது. எப்போது, எங்கே, எத்தனை நிமிடத்தில் என்று சொல்ல வேண்டும். ஹைவேயில் சரியாக ஓடி, டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதல் சந்தேகம் ஃபேன் மீது வர வேண்டும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைக்கும். நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. இந்த ஒரு தகவலை நாங்கள் சொல்லவே இல்லை! சத்தம், அதிர்வு, எச்சரிக்கை விளக்கு எதுவானாலும் பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் எடுக்க வேண்டாம்.

வெப்பமானி முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீய்ச்சி அடிக்கும்.

2. சாவியைக் கொடுக்கும் முன்

ஜாப் கார்டு கேட்டு வாங்குங்கள். நீங்கள் சொன்ன கோளாறு அதில் அப்படியே எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் அளவு, வண்டியின் நாலு பக்கம் ஆகியவற்றைப் படம் எடுங்கள். செலவு மதிப்பீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "கூடுதலா ஏதாவது மாத்தணும்னா கேட்டுட்டு மாத்துங்க" என்று ஒரு மெசேஜ் போட்டு வையுங்கள். சங்கடப்பட வேண்டாம், நல்ல மெக்கானிக் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

3. வண்டியை எடுக்கும்போது

கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியாக இருக்க வேண்டும். மாற்றிய பாகத்துக்கு வாரண்டி உண்டா, எத்தனை மாதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். முறையான பில் தராமல் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஆக, பில் கேட்பது உங்கள் உரிமை.

4. ஒரே பாகம் அடிக்கடி பழுதானால்

சில சமயம் குறை தயாரிப்பிலேயே இருக்கும். அப்போது நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தரும். இதைத்தான் 'ரீகால்' என்கிறோம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வைத்து, உங்கள் வண்டிக்கு ரீகால் உண்டா என்று நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுப் பாருங்கள்.

5. நியாயம் கிடைக்கவில்லையா?

முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம். ஒர்க்‌ஷாப் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.

இத்தனை கதவுகள் இருந்தும் நாங்கள் ஒன்றைக்கூடத் தட்டவில்லை. காட்டுவதற்குக் கையில் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கே செய்ய ஒரு வேலை: போனில் உங்கள் வண்டி எண்ணின் பெயரில் ஒரு ஃபோல்டர் திறங்கள். வீட்டில் இருக்கும் பழைய சர்வீஸ் பில்களைத் தேடிப் படம் எடுத்துத் தேதி வாரியாகச் சேமியுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களையும் அதில் போடுங்கள். நாளைக்கு வண்டியை விற்க நினைத்தாலும், வாங்க வருபவருக்கு நம்பிக்கை தருவது அந்த ஃபோல்டர்தான்.

எங்கள் செடான் இப்போதும் ஓடுகிறது. அடுத்த பொங்கலுக்கும் அதில்தான் ஊருக்குப் போகிறோம்!