சாலைச் சோதனையும் ஒற்றை லாரி உரிமையாளரும்

இந்தியாவின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி சாலை வழியே நடைபெறுகிறது. லாரிகளில் மிகப் பல, பெரிய நிறுவனங்களிடம் இன்றி, ஐந்துக்கு மேற்படாத வண்டிகளை உடைய சிறு உரிமையாளர்களிடம் இருப்பது இத்தொழிலின் தனித்தன்மையாகும். பல ஆண்டுகள் பிறருக்கு லாரி ஓட்டிச் சேமித்ததை முன்பணமாகச் செலுத்தி, மீதியைக் கடனாகப் பெற்று, வாங்கிய லாரியைத் தாமே ஓட்டுவோரும் இவர்களுள் அடங்குவர். சாலைச் சோதனையில் கண்டறியப்படும் குற்றம் இத்தகைய புதிய உரிமையாளரை எவ்வாறு பாதிக்கிறது என்பது ஆராயத்தக்கது.

சட்டமும் அதன் நோக்கமும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 113-ஆம் பிரிவில் எடை வரம்பை விதிக்கிறது. 114-ஆம் பிரிவில் வண்டியை நிறுத்தி எடை போடும் அதிகாரத்தை அலுவலருக்கு அளிக்கிறது. மிகைச்சுமைக்கான தண்டம் 194-ஆம் பிரிவில் உள்ளது. முன்பு அது 2,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாயுமாக இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை 20,000 ரூபாயாகவும், டன்னுக்கு 2,000 ரூபாயாகவும் உயர்த்தியது. மிகைச்சுமையை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். இறக்கும் செலவும் தண்டத்துடன் சேரும்.

இக்கடுமைக்குக் காரணம் உண்டு. சாலைச் சேதம் அச்சுச் சுமைக்கு நேர் விகிதத்தில் அன்றி, ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் உயர்கிறது. அச்சில் 20 சதவீதம் சுமை கூடினால் சேதம் ஏறக்குறைய இருமடங்காகும். தடை பிடித்தும் வண்டி நிற்காமையால் நேரும் உயிரிழப்பு இதனினும் பெரிது. ஆகவே சட்டத்தின் நோக்கம் குறித்து ஐயத்திற்கு இடமில்லை.

ஒரே தண்டம், வேறு வேறு விளைவு

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 2018-இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அவ்வரம்புக்கு மேல் 4 டன் ஏற்றப்படுகிறது எனவும், டன்னுக்கு வாடகை 1,200 ரூபாய் எனவும் வைத்துக்கொள்வோம். கூடுதல் வருவாய் 4,800 ரூபாய். பிடிபட்டால் தண்டம் 28,000 ரூபாய். பழைய விகிதத்தில் இது 6,000 ரூபாயாகவே இருந்திருக்கும்.

ஆறு பயணங்களில் பிடிபடாமல் சென்றால் கூடுதல் வருவாய் 28,800 ரூபாய். அடுத்த பயணத்தின் தண்டத்தை அது ஈடுசெய்துவிடும். ஐம்பது லாரிகள் உள்ள நிறுவனத்துக்கு இது ஒரு சராசரிக் கணக்கே. ஒரு வண்டியின் இழப்பைப் பிற வண்டிகளின் வருவாய் தாங்கும். ஒரே லாரி உடையவருக்குச் சராசரி என்பதே இல்லை. முதல் மாதத்திலேயே பிடிபட்டால் அம்மாதத் தவணைக்கு வைத்திருந்த பணம் தண்டத்துக்குச் செல்கிறது. இறக்குகூலியும் வண்டி நின்ற நாள்களின் வருவாய் இழப்பும் அதனுடன் சேர்கின்றன.

மேலும், மிகைச்சுமைக்காக ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தப்படவும், பர்மிட் நிபந்தனையை மீறியதற்காக அப்பர்மிட் நிறுத்திவைக்கப்படவும் இடமுண்டு. நிறுவனம் வேறு ஓட்டுநரை அமர்த்தலாம். தாமே ஓட்டுபவருக்கோ உரிமம் போனால் வண்டியும் நிற்கும். வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை. இந்நிலையில் பற்றாக்குறையை ஈடுசெய்ய அவர் மீண்டும் மிகைச்சுமையையே நாடக்கூடும். தடுக்கவேண்டிய குற்றத்தைத் தண்டமே தூண்டும் முரண்பாடு இங்கு எழுகிறது.

பொறுப்பு எவருடையது?

எவ்வளவு சரக்கு ஏற்றுவது என்பதைப் புதிய உரிமையாளர் பெரும்பாலும் தனித்துத் தீர்மானிப்பதில்லை. டன் கணக்கில் வாடகை பேசப்படுகிறது. மறுத்தால் சரக்கு அடுத்த லாரிக்குப் போகிறது. இதனைச் சட்டம் அறியாததன்று. 194-ஆம் பிரிவு, ஓட்டுபவரை மட்டுமன்றி, அவ்வாறு ஓட்டச் செய்பவரையும் அனுமதிப்பவரையும் குற்றத்துக்கு உட்படுத்துகிறது. மிகைச்சுமையை இறக்காமல் தண்டம் மட்டும் பெற்று வண்டியைச் செல்லவிடுவது சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. கல் குவாரி, சுரங்கம், சிமெண்டு ஆலை ஆகியவற்றின் வாயிலிலேயே எடை சரிபார்க்கப்பட்டால், குற்றம் சாலைக்கு வருமுன்பே தடைபடும்.

ஆவணக் குறைகள்

மிகைச்சுமை மட்டுமே இடர் அன்று. புதிய லாரிக்கு முதல் இரண்டு ஆண்டுகள் தகுதி உள்ளதாகக் கருதப்படும். எட்டு ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று தேவை. பழைய லாரி வாங்குவோர் இதனைக் கவனிக்கத் தவறுவதுண்டு. முந்தைய உரிமையாளர் செலுத்தாத சலான்கள் உள்ளனவா என்பதையும் வாங்குமுன் பார்த்தல் வேண்டும். இ-வே பில்லின் காலவரம்பு 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அமைகிறது. வண்டி வழியில் பழுதானால் அதனை உரிய நேரத்தில் நீட்டித்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

தண்டத்தைக் குறைப்பது இதற்குத் தீர்வாகாது. சாலையும் உயிரும் விலை மதிப்பற்றவை. தண்டத்தின் அளவைவிடச் சோதனையின் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும். எல்லா லாரிகளும் தவறாது எடை போடப்படுமாயின், வரம்புக்கு மேல் ஏற்ற மறுக்கும் உரிமையாளர் வாடகையை இழக்கமாட்டார். ஏனெனில் அடுத்த லாரியும் அச்சரக்கை ஏற்றாது. சரக்கு அனுப்புவோர் மீதும் சட்டம் பாயுமாயின், அவருக்கு மறுக்கும் வலிமையும் கிடைக்கும். கடன் வழங்கும் வங்கிகள், தவணையைக் கணக்கிடும்போது, வரம்புக்கு உட்பட்ட சுமையின் வருவாயை மட்டுமே அடிப்படையாகக் கொள்வது நலம். சட்டப்படி ஏற்றும் சுமையில் தவணை கட்ட இயலாத லாரி, வாங்கிய நாளிலேயே மிகைச்சுமை ஏற்றிய லாரி எனலாம்.