டேங்கர் செலவை எக்செலில் பிரிக்கிறீர்களா?

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் உங்கள் அடுக்ககம் டேங்கர் தண்ணீர்ச் செலவை மீட்டர் ரீடிங்படி பிரித்துக்கொள்கிறதா? சங்கக் கணக்கு உங்கள் தலையில் விழுந்திருந்தால், இவற்றைக் கவனியுங்கள்.

1. பட்டியலுக்குள் நின்று கன்ட்ரோல்-டி அழுத்தி டேபிள் ஆக்குங்கள். ஒரு கட்டத்தில் சூத்திரம் எழுதினால் நெடுவரிசை முழுக்கத் தானே நிரம்பும்.

2. மொத்தத் தொகையைப் பட்டியலுக்கு வெளியே தனிக் கட்டத்தில் வையுங்கள். சூத்திரத்தில் அந்தக் கட்டத்தின் பெயர்மேல் எஃப்4 தட்டுங்கள். டாலர் குறி விழுந்தால் கீழ் வரிசைகளில் அது நகராது.

3. இம்மாத ரீடிங் காலியா என்று முதலில் ‘இஃப்’ போட்டுக் கேளுங்கள். கழிக்கும்போது காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். போன மாதம் 1,284, இந்த மாதம் காலி என்றால் பயன்பாடு மைனஸ் 1,284! பூட்டிவிட்டு ஊருக்குப் போனவருக்குச் சங்கம் பணம் கொடுக்க வேண்டியதுதான். ஆர், ஜேஎம்பி போன்ற புள்ளியியல் மென்பொருள்கள் இந்த விஷயத்தில் தேவலை. விடுபட்டதை விடுபட்டதாகவே காட்டும்.

4. வாட்ஸ்அப்பில் வந்த ‘1284 லி’யை அப்படியே ஒட்டாதீர்கள். எழுத்து கலந்தால் சூத்திரம் பிழை காட்டும்.

5. பைசாவை மறைக்காமல் ‘ரவுண்ட்’ போடுங்கள். மறைந்த பைசாவும் கூட்டலில் சேரும்.

6. பங்குகளின் கூட்டுத்தொகையை டேங்கர் பில்லோடு ஒப்பிட்ட பிறகே குரூப்பில் போடுங்கள். ரவுண்ட் செய்ததால் ஓரிரு ரூபாய் இடித்தால் சங்க நிதியில் சரிக்கட்டுங்கள்.